நீ மறுக்கவில்லை, அக்கா

என்னை இடுப்பில் சுமந்து திரிந்தவளே, என் சௌந்தரம் அக்கா,

நலம் விசாரித்து மடலைத் தொடங்குவதே முறை என்பதை நான் அறிவேன். அம்முறையை இன்று பின்பற்றப் போவதில்லை. நீ மறைந்து ஏழாண்டு கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பது கடுங்கோபத்தில். அக்கோபத்தில் ஒரு பங்கு உனக்கும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; படித்துக்கொண்டே வந்து நடுவில் நீ முகம் வாடக் கூடாது.

வீட்டுச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் மகள் மங்கை என்னோடு காரைக்காலில் இருக்கிறாள்; தட்டச்சில் கீழ்நிலைத் தேர்வு தேறிவிட்டாள். உன் கணவர், நம் அத்தான், சுரக்குடியிலேயே தனியாகப் பொங்கித் தின்கிறார். ஆற்றில் இவ்வாண்டும் தண்ணீர் பிந்தித்தான் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட உன் தங்கையோ, முப்பது வயதுக்குமேல் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி, நீ போன மறு ஆண்டு ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் பணிக்குச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் என்னை 'ஆபீசரம்மா' என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

என் பணி இன்னதென்று உனக்குச் சொல்ல வேண்டும். வீடு திரும்பியவர், திரும்பாதவர் எல்லோருடைய கேஸ்ஷீட்டும் என்னிடந்தான் வரும். அவற்றை ஆண்டுவாரியாகச் சணல் கயிற்றால் கட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்துத் தேக்கு அலமாரியில் அடுக்க வேண்டும். பழைய புயலில் நனைந்து, ஆண்டுக்கணக்கில் ஒட்டிப் பூத்துக் கிடந்த கட்டுகளை நான்தான் கத்தி நுனியால் பிரித்து வெயில் காட்டினேன். அவற்றைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. சென்ற தை மாதம் ஒருவர் வந்தார்.

அவர் ஓர் இளம் டாக்டரம்மா; மேற்படிப்பு படிப்பவர். மார்பில் புற்றுநோய் கண்டு இங்கு வந்த பெண்களின் பத்தாண்டுக் கேஸ்ஷீட்டுகளைப் படித்து, யாருக்கு எந்தச் சிகிச்சை கொடுக்கப்பட்டது, எது எங்கே நின்றுபோனது என்று ஆராய வேண்டுமாம். "புத்தகத்துல ஒரு வைத்தியம் எழுதியிருக்கும்மா. ஊர்ல நடக்கறது வேற வைத்தியம். அது இந்தத் தாள்லதான் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

நான் கட்டைப் பிரித்து வாசிப்பேன். அவர் கோடு போட்ட நீளத்தாளில் பென்சிலால் குறி இடுவார். அறுவை மட்டும் நடந்தவர்களுக்கு ஒரு கட்டம். அறுவைக்குப் பின் கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு கட்டம். கதிர்வீச்சைத்தான் நம் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்கிறோம். அதற்கு மெட்ராஸுக்குப் போய் ஐந்து வாரம் தங்க வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மறுத்தார்'. நிறைந்துகொண்டே வந்தது அதுதான். நான் 'மறுத்தார்' என்று வாசிப்பேன், பென்சில் கீறும். அடுத்த தாளை எடுப்பேன்; அதிலும் 'மறுத்தார்'.

"பயந்துடறாங்கம்மா. படிப்பு கிடையாதில்ல, வேணாம்னுடறாங்க" என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

படிப்பு கிடையாது என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும், அக்கா, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் அதை நம்பினேன். முகம் அறியாத அந்தப் பெண்களின்மீது எனக்குச் சலிப்புகூட வந்தது. உயிரைவிட வீடு பெரிதாகப் போய்விட்டதா இவர்களுக்கு என்று நினைத்தேன்.

நான்காம் நாள், புயலடித்த மறு ஆண்டின் கட்டைப் பிரித்தேன். ஐந்தாறு தாள்களுக்குக் கீழே உன் பெயர். சௌந்தரவல்லி, வயது முப்பத்தெட்டு, சுரக்குடி. இடது மார்பு அகற்றப்பட்டது. தையல் பிரிக்கப்பட்டது. புண் ஆறியது. அதன் கீழே, மேல்சிகிச்சைக்காக மெட்ராஸ் செல்லும்படி அறிவுறுத்தப்பட்டது. அதற்கும் கீழே, ஆங்கிலத்தில், நோயாளி மறுத்துவிட்டார்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா, எழுத்து புரியலையா?"

"நன்றாகப் புரிகிறது. இவர் மறுக்கவில்லை."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"மறுத்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது பொய்."

டாக்டரம்மா சிரித்தார். "தையல்நாயகி அம்மா, நீங்க மேடையில பேசற மாதிரியே பேசறீங்க. தாள்ல உள்ளதத்தான் நான் எடுக்க முடியும். என் இஷ்டத்துக்கு மாத்தினா அது ஆராய்ச்சியே இல்ல."

"இவர் என் அக்கா" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

உனக்கு நினைவிருக்கிறதா, அக்கா? மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து வீசும் மாம்பழத்துக்குக் கூட்டம் கைநீட்டி முண்டியடித்துக்கொண்டிருந்தது. நீ என் கையைப் பிடித்து இழுத்து, உன் முந்தானைக்குள் வைத்து, "இங்கன அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி இல்ல?" என்றாய். எத்தனை நாளாக என்றேன். "பொங்கலுக்கு முன்னயே" என்றாய். ஆறு மாதம்! ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் அதைச் சுமந்து நெல் அவித்திருக்கிறாய். என் கோபத்தில் உன் பங்கு இங்கே தொடங்குகிறது.

ஆவணியில் அறுவை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நீயும் நானும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் மடியில் துணிமூட்டை. உள்ளிருந்து ஆயா எட்டிப்பார்த்து, "சௌந்தரவல்லி வீட்டு ஆம்பள யாரு? உள்ள வாங்க" என்று குரல் கொடுத்தாள். அத்தான் எழுந்து போனார்.

அன்று அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. அதுதானே நடைமுறை? உடம்பு பெண்ணுடையது, பேச்சு ஆணோடு. டாக்டர் கணவனிடம் சொல்வார். கணவன் இல்லாவிட்டால் மகனிடம் சொல்வார். அவர்கள் உள்ளேயே ஒரு முடிவு எடுத்து, வெளியே வந்து, 'எல்லாம் சரியாயிடுச்சு, கெளம்பு' என்பார்கள். நோயின் பெயரைக்கூட நோயாளியிடம் சொல்வதில்லை. சொன்னால் மனம் ஒடிந்துவிடுமாம். உன்னிடம் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நான் உட்பட.

அத்தான் வெளியே வந்தார். சட்டைப் பையில் ஒரு தாளை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். "வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று நீ கேட்டாய். "மாத்திரைச் சீட்டு குடுத்திருக்காரு. நல்லாச் சாப்புடச் சொன்னாரு" என்றார். "அவுங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டாய். உன் வாழ்நாள் முழுவதும் நீ சொன்ன சொல் அது. ஒரு முறையாவது, 'குடுங்க பாப்பம்' என்று கேட்டிருக்கக் கூடாதா?

நான் மட்டும் என்ன கிழித்தேன்? வேர்க்கடலை மடித்து வரும் தாளைக்கூடப் படிக்காமல் எறியாதவள் நான். மெட்ராஸ் கடிதமாக இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு தாளை மட்டும் படிக்கக் கேட்கவில்லை. அத்தானுடைய சட்டைப் பைக்கு முன்னால் என் கல்வி வாயைப் பொத்திக்கொண்டது.

இரண்டே ஆண்டில் உன் கை வீங்கியது, பிறகு முதுகு வலித்தது, பிறகு மூச்சு. மேலே எழுத வேண்டாம். நீ அறிவாய்.

டாக்டரம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் கண் கலங்கினாலும் முடியாது என்று தலையை அசைத்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா உங்க வாய்ப்பேச்ச வச்சு நான் தாள மாத்த முடியாது."

அப்போதுதான் என் கண் தாளின் அடியில் போயிற்று. 'நோயாளியின் கையொப்பம் அல்லது கைரேகை' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், பந்தல்கொடிபோல் சுருண்ட எழுத்தில், கோவிந்தராசு என்றிருந்தது. அத்தானின் கையெழுத்து! உனக்குக் கையொப்பமிடத் தெரியும். ரேஷன் கடையில் நீ இடுவாயே, நான் அருகில் நின்று பெருமைப்படுவேனே.

"தாளில் உள்ளதைத்தானே எடுப்பீர்கள்? இதுவும் தாளில்தான் உள்ளது. கோவிந்தராசு என்பவருக்கா மார்பை அகற்றினீர்கள்?" என்றேன். என் குரல் வராந்தாவரை போயிருக்க வேண்டும். இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அடியில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு, "முதல் கட்டுலேர்ந்து திரும்ப எடுங்கம்மா" என்றார்.

எடுத்தோம், அக்கா. நான்கு நாள் வாசித்ததை மறுபடியும் வாசித்தோம், இம்முறை அடியிலிருந்து மேலாக. 'மறுத்தார்' என்ற தாள்களில் பெண்ணின் ரேகையோ கையெழுத்தோ தேடத்தேட அகப்படுவது அரிதாக இருந்தது. கணவன், மகன், அண்ணன், ஒன்றில் வீட்டு உரிமையாளர்கூட. தாயோடு வந்தவர்களும் தனியாக வந்தவர்களும்தான் மெட்ராஸுக்குப் போயிருந்தார்கள். பத்தாண்டாக அத்தாள்களைக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஆறாண்டு நான் அடுக்கியவை. என் விரல் பட்ட தாள்களிலேயே இது இருந்தது!

ஆனாலும் டாக்டரம்மாவுக்கு ஐயம் தீரவில்லை. "வீட்டுல பெண்ணக் கேட்டுட்டு வந்து ஆண் கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்லையா?" என்றார். நியாயமான கேள்விதான். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அம்பகரத்தூருக்குப் பேருந்து ஏறினோம். மூன்றாண்டுக்கு முன் 'மறுத்த' பட்டம்மாள் என்பவரின் முகவரி அது.

பட்டம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அறுவை செய்த இடத்தைப் பார்த்துப்போக வந்திருப்பதாகச் சொன்னோம். மகன் ஓடிவந்து பாய் விரித்தான். டாக்டரம்மா மெல்லக் கேட்டார், "கரண்ட் வைக்க மெட்ராஸுக்குப் போகச் சொன்னப்ப நீங்க ஏம்மா வேணாம்னீங்க?"

முறம் நின்றது. "என்ன எங்க போவச் சொன்னாங்க?"

"அது ஒண்ணுமில்லீங்க, அப்பவே பேசி முடிச்சாச்சு. அம்மா பயந்துடும்னு..." என்று மகன் இழுத்தான்.

"ஏண்டா, சந்தைக்குப் போனா கத்திரிக்காயா வெண்டிக்காயான்னு ஏழு தடவ கேப்ப. இத ஒருதடவ கேக்க வாயி வரலியா ஒனக்கு?"

"நீ போமாட்டேன்னுதானம்மா சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். போறேன்னும் சொல்லியிருப்பேன். அத நான்தானடா சொல்லணும்!"

முறத்தை அவன்மேல் எறியப் போகிறார் என்றே நினைத்தேன். எறிந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். டாக்டரம்மா அவரை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். அக்குளில் புதிதாக ஒரு கட்டி இருந்தது. வெளியே வந்து, பாயில் உட்கார்ந்தபடியே மெட்ராஸுக்கு ஒரு கடிதம் எழுதி, நோயின் பெயரைச் சொல்லி, அதைப் பட்டம்மாளின் கையில் வைத்தார். மகன் கை நீட்டினான். பட்டம்மாள் தரவில்லை. சென்ற மாதம் அவர் மெட்ராஸுக்குப் போனார். பிழைப்பாரா என்று டாக்டரம்மாவே சொல்ல மறுக்கிறார்.

திரும்பும் வழியில் டாக்டரம்மா ஒன்று சொன்னார். பழைய கேஸ்ஷீட்டில் ஒரு சொல்லையும் திருத்த முடியாது; சட்டம் அப்படி. ஆனால் கையெழுத்திட்டவரே உண்மையை எழுதிக் கொடுத்தால் அதை உடன் இணைக்கலாம். மறுநாள் மாலையே சுரக்குடிக்குப் போனேன்.

அத்தான் வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வா தையலு. காபித்தண்ணி போடவா?" என்றார்.

"வேண்டாம், அத்தான். ஒரு வாக்குமூலம் பெற வந்திருக்கிறேன்."

"ஒன் இலக்கணத்த ஆஸ்பத்திரியோட வச்சுக்க. என்ன சங்கதி, அதச் சொல்லு."

சொன்னேன். வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"அக்காகிட்ட கேட்டீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க." என் இலக்கணம் எங்கேயோ ஓடிவிட்டது.

"கேட்டு, போறேன்னு சொல்லிட்டா? மெட்ராஸ்ல எனக்கு ஒரு மொகம் தெரியாது. வயல்ல நாத்து நிக்குது. புள்ளைக்குப் பத்து வயசு. கரண்ட் வச்சா ஒடம்பே வெந்துபோயிடும்னு வார்டுல ஒருத்தன் சொன்னான். நான் என்னத்தக் கண்டேன்?"

"இதையே அவகிட்டயும் சொல்லியிருக்கலாமே."

"அவ மொகத்தப் பாத்துக்கிட்டா?" குனிந்து வைக்கோலை மறுபடி அள்ளிக்கொண்டார். "எழுதிக் குடுக்க மாட்டேன். எம் பொண்டாட்டிய நானே கொன்னேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? நீயும் அங்கதான ஒக்காந்திருந்த. படிச்சவ. நீ கேட்டியா?"

பேருந்து வரும்வரை சாலையில் நின்றேன். அவர் சொன்னது மெய்; நானும் கேட்கவில்லை. அவர்மீது உள்ள கோபம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனவே நானே எழுதினேன். அரைத்தாள் போதுமானதாக இருந்தது. 'சௌந்தரவல்லியின் தங்கையாகிய நான் அன்று உடனிருந்தேன். மேல்சிகிச்சை குறித்து என் தமக்கையிடம் எவரும் வினவவில்லை. கணவரது பையில் இருந்த தாளைக் கண்டும் நானும் வினவவில்லை.' கையொப்பமிட்டு, உன் கேஸ்ஷீட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். சென்ற வாரம் டாக்டரம்மாவின் ஆய்வேடு தட்டச்சாகி வந்தது. 'கேட்கப்படவில்லை' என்று புதிய கட்டம் ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்து யாருடையது என்பது மருத்துவ விவரமன்று என்று அவருடைய பேராசிரியர் அடித்துவிட்டாராம். ஆய்வேட்டில், பெண்கள் பெருமளவில் சிகிச்சையை மறுக்கின்றனர் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் கண்டதெல்லாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், எட்டு வரி. எட்டு வரி, அக்கா! மேலே உள்ளதைப் படித்தவர்கள் குனிந்து அடியில் உள்ளதையும் படிப்பார்களா?

அந்த ஏட்டை மூடிய கையோடு, அன்றைய தாள்களைப் பதியத் தொடங்கினேன். வார்டிலிருந்து வந்த மூன்றாவது தாளில் 'மறுத்தார்'. கீழே மகனின் கையெழுத்து. நான் பதியவில்லை. எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தேன்.

"இந்தாம்மா தையல்நாயகி, கட்டி அடுக்கறதுதான் ஒன் வேல. வெசாரணைக் கமிஷன் வைக்கறது இல்ல" என்றார் வார்டு எழுத்தர்.

"அடுக்குவதற்குரிய தாளாக இது இன்னும் ஆகவில்லை" என்றேன்.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில், பேருந்து நேரத்துக்காகக் காத்திருந்தார். என் அம்மா வயது இருக்கும். அருகில் உட்கார்ந்தேன். பணியில் இருந்த நர்ஸ் ஒருவரையும் அழைத்து வைத்துக்கொண்டு, நோயின் பெயர், மெட்ராஸ், ஐந்து வாரம், செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, எல்லாவற்றையும் சொல்லச் செய்தேன். அவர் கேட்டார். இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டார். பிறகு, "போவல தாயி" என்றார். "எங்க வீட்டுக்காரரு படுக்கையில கெடக்காரு. அவர உட்டுட்டுப் போனா எனக்கு அங்க ஒறக்கம் வராது. ஆனா கேட்டியே, நல்லாருப்ப."

நான் கெஞ்சினேன், அக்கா. அகராதியில் உள்ள சொற்களையெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. மனம் மாறினால் வாருங்கள் என்று, வார்டு டாக்டர் எழுதியிருந்த மெட்ராஸ் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். மகனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் தம் கட்டைவிரலை ஊன்றினார். அந்தத் தாளை ஏற்றுக்கொண்டு பதிந்தேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய்? மங்கையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்றிருப்பாயா? நாற்று நிற்கிறது, வேண்டாம் என்றிருப்பாயா? உன் தாளைக் கண்ட நாளிலிருந்து உன் குரலில் இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டும் உன் குரல்போலவே கேட்கின்றன. எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உனக்கு என் வாக்கு. பதிவேட்டு அறையின் சாவி என் இடுப்பில் இருக்கும் நாள்வரை, தன் வாயால் ஒரு பெண் சொல்லாத மறுப்பு எதையும் நான் பதியப் போவதில்லை. எத்தனை முறை ஏசினாலும் வார்டுக்கே திருப்பிக் கொண்டுபோவேன். உன் திதி வரும் ஒவ்வோர் ஆடியிலும் அத்தானிடம் போய்க் கேட்பேன். அவர் எழுதித் தரும்வரை உன் தாளில் என் பெயர் மட்டும் குற்றவாளியாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
அன்று உன் அருகில் அமர்ந்திருந்தும் கேட்காதவளாகிய,
உன் கூடப்பிறந்த தங்கை,
தையல்நாயகி